அப்பா எழும்பி வேலை செய்த நாள்

தம்பி,

நான் நல்ல சுகம், நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று எழுதித்தான் எப்போதும் தொடங்குவேன். இந்த முறை அப்படி எழுத மனம் வரவில்லை. நான் சுகமில்லை. நீயும் சுகமில்லை என்று எனக்குத் தெரியும். போன கிழமை போன் எடுத்து, கலியாணத்துக்கு நாள் வைத்தாயிற்று என்று சொன்னாய். சந்தோஷம் என்றேன். ஓம் என்றாய். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் கதைக்க ஒன்றும் இருக்கவில்லை. முந்தியெல்லாம் நீ எடுத்தால் போன் சுடச்சுடக் கதைப்பாய். அங்கே நீ சமைக்கிற சாப்பாட்டுக் கடை, குளிர், அறையில் கூட இருக்கிற பெடியள் குறட்டை விடுவது என்று எல்லாம் சொல்லுவாய். அப்பா செத்த பிறகு உன் கதை சுருங்கிவிட்டது. ஏன் என்று எனக்குத் தெரியும். செத்தவீடு முடிந்த அன்று என்னிடம் ஒன்று கேட்டாய். "வருத்தக்காரனை ஏனம்மா அப்பிடி வேலை செய்ய விட்டனீங்கள்?" நான் அழுதேன். நீ போனை வைத்துவிட்டாய். அதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. போனில் சொல்ல வாய் வராது. அதனால் எழுதுகிறேன். எழுதி முடித்துவிட்டு ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து அனுப்புவேன். வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் பார்க்காதே. லீவு நாளில் ஆறுதலாக இருந்து வாசி.

அப்பாவின் சிறுநீரக வருத்தத்தை நீ போனில் பார்த்த அளவுக்குத்தான் அறிவாய். நீ வீடியோவில் வருகிறாய் என்றால் அவர் முகம் கழுவி, முழுக்கைச் சேட்டைப் போட்டுக்கொண்டு விறாந்தைக் கதிரையில் வந்து இருப்பார். ஊசி குத்திக் குத்திக் கயிறு போலப் புடைத்துக் கிடந்த கையை நீ காணக்கூடாது என்பதற்காகத்தான் அந்த முழுக்கை. கதைத்து முடிந்து போனை என்னிடம் தந்த உடனே போய்ப் படுத்துவிடுவார். கிழமைக்கு இரண்டு தரம் ரத்தம் சுத்திகரிக்கிற மெசினுக்குப் போனோம். விடிய முதலே ஓட்டோவில் ஏறி, கிளிநொச்சி ரவுணுக்குப் போய், முறை வருமட்டும் வாங்குப் பலகையில் இருந்து, பிறகு மெசினில் படுத்து, வீட்டுக்கு வந்து சேர மத்தியானம் கழிந்துவிடும். வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு படுப்பார். அடுத்த நாள் கொஞ்சம் தெளிவு இருக்கும். அதற்கடுத்த நாள் கால் வீங்கும், மூச்சு முட்டும், திரும்பவும் ஓட்டோ. குடிக்கிற தண்ணிக்கும் அளவு. வெயில் நாளில் வெறும் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு இருப்பார். அதைப் பார்க்க என்னால் ஏலாது, குசினிக்குள் போய்விடுவேன்.

உனக்குச் சொல்லாத இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஊர்ச்சனம் அவரோடு கதைப்பதை விட்டுவிட்டது. கெட்ட எண்ணத்தில் இல்லை. வளவுக்குள் வருவார்கள், அவர் கதிரையில் இருப்பார், அவருக்கு முன்னாலேயே நின்று என்னிடம் கேட்பார்கள், இப்ப எப்படி இருக்கிறார், சாப்பிடுகிறாரா என்று. குளத்துத் தண்ணி எந்த வாய்க்காலுக்கு எப்போது திறக்கவேண்டும் என்று இவரிடம் கேட்டுக்கொண்டிருந்த சனம்தான். கொஞ்ச நாளில் அவரும் பதில் சொல்வதை விட்டுவிட்டார். நானும் அவருக்காகப் பதில் சொல்லப் பழகிவிட்டேன்.

அந்த நாள் மாரி விட்டு நல்ல வெயில் எறிக்கத் தொடங்கின கிழமையில் வந்தது. முதல் நாள் மெசினுக்குப் போய் வந்திருந்தோம், ஆனபடியால் கொஞ்சம் தெளிவான நாள்தான். ஆனாலும் நான் கண் முழித்தபோது பக்கத்தில் அவர் இல்லை. கிணற்றடியில் கத்தி தீட்டுகிற சத்தம் கேட்டது. பக்கத்து வளவு என்றுதான் முதலில் நினைத்தேன். எட்டிப் பார்த்தால் இவர், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கல்லில் தண்ணி தெளித்துத் தெளித்துத் தீட்டிக்கொண்டு இருக்கிறார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். கோழிக்கூடு ஒழுகுது, கிடுகு பின்னப்போறன் என்றார். நேற்றுத்தான் கதைத்து முடிவெடுத்த விஷயம் போலச் சொன்னார். அவர் கத்தியைத் தொட்டு ஒரு வருஷத்துக்கு மேல்.

வேலிக்கென்று நான் ஊறப்போட்ட தென்னோலை தொட்டியில் கிடந்தது. அதை இழுத்துக்கொண்டு வந்து மாமரத்தடியில் போட்டேன். அவர் நிலத்தில் இருந்து, ஓலையை இரண்டாக வகிர்ந்து பின்னத் தொடங்கினார். முதல் கிடுகு சரியாக வரவில்லை, ஓரம் கோணலாய்ப் போய்விட்டது. அதை அவிழ்த்தார். இரண்டாவதிலும் விரல் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் ஓலை அடங்கிவிட்டது. நான் அரைக் கோப்பை தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, நீரும் வந்து இரும், அந்தக் கடகம் அரைவாசியில கிடக்குதல்லோ என்றார். அடுப்பில் வேலை கிடந்தது. அப்படியே விட்டுவிட்டு, பனையோலையையும் பாதி பின்னின கடகப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போய் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன்.

என்ன கதைத்தோம் என்று நீ கேட்பாய். உன்னைப் பற்றித்தான். மீள்குடியேறி வந்த புதிதில் ஆட்டுக்கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு வரம்பில் நித்திரையாகப் போனாயே, ஆடு உன்னைச் சேற்றுக்குள்ளால் இழுத்துக்கொண்டு போன கதையை எடுத்தார். நீ அழாமல், ஆடு களவு போகக்கூடாதென்றுதான் கட்டினேன் என்று நியாயம் சொன்னதை உன்னைப் போலவே சொல்லிக் காட்டினார். அவருக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, இருமல் நின்ற பிறகும் சிரித்தார். நான் முதுகைத் தடவிவிட்டேன். அந்த வருஷம் முழுக்க அவர் சிரித்து நான் கேட்டது அதுதான்.

கிடுகு முடிந்ததும் கூட்டுக் கூரையைப் பிரித்து வேய்ந்தோம். அவர் கீழே நின்று எடுத்துத் தந்தார், வாங்கில் ஏறிக் கட்டினது நான். பிறகு மண்வெட்டி. பிடி உடைந்து நான் இரவல் மண்வெட்டியால்தான் சமாளித்துக்கொண்டு இருந்தேன். கொய்யாத் தடி ஒன்றை வெட்டி, உடைந்த போத்தல் துண்டால் சுரண்டிச் சுரண்டி வழுவழுப்பாக்கினார். என் கையைக் கொண்டுவரச் சொல்லி, பிடித்துப் பார்க்கச் சொன்னார். கொஞ்சம் மொத்தம், விரல் சுற்றி வரவில்லை என்றேன். திரும்பவும் சுரண்டினார். இரண்டாம் தரம் பிடித்தபோது என் கைக்கு அளவாக இருந்தது. அந்தப் பிடியை அவர் தன் கைக்கு அளவு பார்க்கவில்லை, தம்பி. அதை நான் அப்போது கவனிக்கவில்லை. இப்போது மண்வெட்டியைத் தொடுகிற ஒவ்வொரு நேரமும் தெரிகிறது.

வேலியில் மாடு புகுந்த ஓட்டையையும் அடைத்தோம். கதிகால் தடி நடக் குழி நான் கிண்டினேன். கதிகாலைப் பிடித்துக்கொண்டு நின்று, கம்பியை முறுக்கினது அவர். அந்த நேரம் மாமி தெருவால் வந்தா. உன் மாமியை உனக்குத் தெரியும்தானே, தாய் போனபிறகு தன் தம்பியான அப்பாவைத் தூக்கி வளர்த்தவா, அவர் தலை நரைத்த பிறகும் சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோலத்தான் சொல்லுவா. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என்னைத்தான் ஏசினா, வருத்தக்காரனை வைத்து வேலை வாங்குகிறாயோ என்று.  அவர்தான் கம்பியை விடாமலே சொன்னார்.

"அக்கா, என்னட்டை ஒருத்தரும் வேலை வாங்கேல்லை. நான்தான் செய்யிறன்."

மாமி கோபத்தோடு போய்விட்டா.

மத்தியானம் சோறும் கத்தரிக்காயும் சாப்பிட்டார். முகம் வெளிறி, கழுத்து வேர்த்து இருந்தது. மூச்சு வாங்கினது. நீ கேட்ட கேள்விக்கு உரிய நேரம் அதுதான். அப்போது நான் அவரைப் பிடித்துப் படுக்க வைத்திருக்கலாம். சத்தம் போட்டிருந்தால் கேட்டிருப்பார். மாமியைக் கூப்பிட்டிருக்கலாம். உனக்குப் போன் போட்டு, நீ சொல்லு என்று கையில் கொடுத்திருக்கலாம். நான் ஒரே ஒரு தரம்தான் சொன்னேன்.

"இஞ்சேருங்கோ, காணும். மூச்சு வாங்குது உங்களுக்கு. கொஞ்சம் படுங்கோ."

"படுக்கச் சொல்லாதையும். படுத்தால் நான் வருத்தக்காரன். எனக்கு விளங்குது என்ன நடக்குது எண்டு. நீர் பக்கத்தில இரும், அது காணும்."

முகாமில் நாங்கள் இருந்த காலம் உனக்கு அரைகுறையாகத்தான் ஞாபகம் இருக்கும். முள்ளுக்கம்பிக்குள்ளே கூடாரம். சாப்பாட்டுக்கு வரிசை, தண்ணிக்கு வரிசை, மற்ற நேரமெல்லாம் சும்மா இருக்கவேண்டும். ஷெல்லடிக்குள்ளால் எங்களை உயிரோடு கொண்டுவந்து சேர்த்த மனுஷன் அங்கே வந்துதான் உடைந்துபோனார். ஒருவரோடும் கதையில்லை. நீ போய் மடியில் ஏறினாலும் கையெடுத்துப் பிடிக்கமாட்டார். பிறகு ஒருநாள் நிவாரண அரிசி வந்த பையைப் பிரித்து, நூல் நூலாக உருவி, தொடையில் வைத்துக் கயிறு திரிக்கத் தொடங்கினார். உடுப்புக் காயப்போட ஒரு கொடி, வாளிக்கு ஒரு கயிறு. பிறகு பக்கத்துக் கூடாரத்துக்கு. கொஞ்ச நாளில் எங்கள் வரிசையில் எல்லாருடைய உடுப்பும் அவர் திரித்த கயிற்றில்தான் காய்ந்தது. கயிறு திரிக்கத் தொடங்கின பிறகுதான் உன்னைத் தூக்கி மடியில் வைத்தார். நான் அதைக் கண்ணால் கண்டவள். நடுப்பகலில் வேர்த்து விறுவிறுத்துக்கொண்டு என் முன்னால் இருந்தவரின் முகத்தில் அதே ஆளைத் திரும்பக் கண்டேன். நான் ஏமாந்துபோய் விடவில்லை, தம்பி. கவனக்குறைவாகவும் விடவில்லை. தெரிந்துகொண்டுதான் விட்டேன்.

பின்நேரம் ஈர்க்கு வார்ந்து விளக்குமாறு கட்டினோம். வெயில் தாழ்ந்த பிறகு மிளகாய்க் கன்று நட்டோம். நான் குழி போட்டுக்கொண்டு போக, அவர் பலகைக்கட்டையில் இருந்தபடி அரக்கி அரக்கி நகர்ந்து வந்து, கன்றை வைத்து மண் அணைத்தார். ஒரு பாத்தி முடிந்ததும் கையை ஊன்றிக்கொண்டு தென்னையை நிமிர்ந்து பார்த்தார். ஒரு இளநி குடிச்சால் நல்லாயிருக்கும் என்றார். டொக்டர் இளநீர் கூடவே கூடாது என்று சொல்லியிருந்தார், அது இந்த வருத்தக்காரருக்கு நஞ்சு போல, இருதயத்தை நிறுத்திப்போடும் என்று. நான் உடனே அதைச் சொன்னேன். கடுமையாகத்தான் சொன்னேன், உங்களுக்கு விளையாட்டே என்று. ஓம், ஓம் என்று சொல்லிவிட்டு அடுத்த கன்றை எடுத்தார்.

அவரை வேலை செய்ய விட்டதைத்தான் நீ கேட்கிறாய். எனக்கு அதில் மனக்குறை இல்லை. நித்திரையில்லாமல் கிடக்கிற நேரமெல்லாம் என்னை அறுக்கிறது அந்த இளநீர்தான். கொடுத்திருக்கக்கூடாது, எனக்குத் தெரியும். இன்றைக்குக் கேட்டாலும் கொடுக்கமாட்டேன். ஆனால் ஒரு மிடறு நாக்கில் விட்டிருக்கலாமோ, குறைந்தது அந்த விளையாட்டே என்ற சொல்லையாவது சொல்லாமல் விட்டிருக்கலாமோ என்று மனம் போய்ப் போய் அங்கேயே நிற்கிறது. இதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. உனக்குத்தான் முதல் சொல்கிறேன்.

பொழுது படக் கிணற்றடியில் இருத்தி, தண்ணி அள்ளி ஊற்றிக் குளிப்பாட்டினேன். நகக்கண்ணுக்குள் மண். அதைச் சுரண்டப் போனேன், கிடக்கட்டும் என்றார். சாப்பிட்ட உடனே படுத்து நித்திரையாகிவிட்டார். நல்ல நித்திரை. விடிந்தபோது எழும்ப முடியவில்லை. மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரி நாள் அடுத்த நாள்தான், ஆனாலும் உடனே ஓட்டோவைக் கூப்பிட்டேன். பின் சீற்றில் என் தோளில் சாய்ந்துகொண்டு வந்தார். குளக்கட்டைத் தாண்டும்போது கண் முழித்து, மிளகாய்க்குத் தண்ணி விட்டீரோ என்று கேட்டார். விட்டனான் என்றேன். விடவில்லை. அதுதான் கடைசிக் கதை. ரவுணுக்குக் கிட்ட வரும்போது ஓட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்தார். எனக்கு அதற்குப் பிறகுதான் விளங்கினது.

வேலை செய்யாமல் விட்டிருந்தால் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாரா என்று பெரிய டொக்டரிடம் கேட்டேன். இருதயம் ஏற்கனவே பலவீனம், எப்போதும் நடந்திருக்கலாம், ஆனால் இல்லையென்றும் சொல்லேலாது அம்மா என்றார். அவர் பொய் சொல்லியிருக்கலாம், எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் சொன்னதை அப்படியே உனக்கும் எழுதுகிறேன். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

உனக்கு விசா இல்லை, வந்தால் திரும்பிப் போக ஏலாது. வராதே என்று சொன்னது நான்தான். உனக்குப் பதிலாக மாமியின் மகன் கொள்ளி வைத்தான். நீ அதைப் போனில் பார்த்துக்கொண்டு நின்றாய். யாரோ போனைப் பிடித்தபடி நடந்ததால் உனக்குப் பாதி நேரம் ஆட்களின் முதுகுதான் தெரிந்திருக்கும். பந்தலுக்குள் மாமி தலையில் அடித்துக்கொண்டு, வேலை வாங்கியே சாகடித்துப்போட்டாள் என்று சொல்லி அழுததும் உனக்குக் கேட்டிருக்கும். நீ கேட்ட கேள்வி அங்கேயிருந்துதான் வந்தது. உன்னில் பிழை இல்லை. அப்பாவின் முகத்தைக் கடைசியாக ஒருதரம் பார்க்கக் கிடைக்காத பிள்ளைக்குக் கோபிக்க ஒரு ஆள் வேண்டும். மற்றவர்களில் கோபிப்பதிலும் பார்க்க என்னில் கோபிக்கலாம், நான் தாங்குவேன். கதையாமல் இருக்கிறாயே, அதைத்தான் தாங்க ஏலாமல் இருக்கிறது.

நட்ட மிளகாயைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நல்ல செய்தி இல்லை. செத்தவீட்டுக் கிழமை தண்ணி விட ஆளில்லை. பாதி காய்ந்தது. மிச்சத்தை மாடு தின்றது. காணியைக் கொடுத்துவிட்டு வவுனியாவில் சித்தியோடு போய் இருக்கச் சொல்கிறாய். யோசிக்கிறேன். இந்த வளவில் தனிய இருப்பது லேசில்லை, பொழுது பட்டால் வீடு பெரிதாகிவிடுகிறது. ஆனால் இப்போதைக்கு என்னைக் கிளப்பாதே.

முப்பத்தோராம் நாள் முடிந்து எல்லாரும் போன பிறகு ஒருநாள் மாமி வந்தா. செத்தவீட்டுக்குப் பிறகு நாங்கள் முகம் கொடுத்துக் கதைத்ததில்லை. வந்து குசினி வாசலில் இருந்தா. நான் தேத்தண்ணி வைத்தேன், குடிக்கவில்லை. கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டா.

"அண்டைக்கு நான் போனாப்பிறகு அவன் என்ன செய்தவன்?"

நான் சொன்னேன். அவ கோபத்தோடு போன இடத்திலிருந்து தொடங்கி, பிறகு பின்னுக்குப் போய்க் கத்தி தீட்டினதிலிருந்து எல்லாம் சொன்னேன். ஆட்டுக்கயிற்றுக் கதைக்குச் சிரித்ததைச் சொன்னபோது மாமி என் கையைப் பிடித்து நிற்பாட்டினா.

"சிரிச்சவனோ? சத்தம் வரச் சிரிச்சவனோ?"

"ஓம் மச்சாள். இருமல் வருமட்டும் சிரிச்சவர்."

மாமி சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தா. மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. இன்னொருக்காச் சொல்லு என்றா. நான் திரும்பவும் முதலிலிருந்து சொன்னேன். உனக்கும் இதை முழுக்கச் சொல்லவேண்டும் என்று அன்றைக்குத்தான் நினைத்தேன்.

இனி நீ ஒரு பெண்ணைக் கட்டப்போகிறாய். அவளை நான் போனில்தான் பார்த்திருக்கிறேன், நல்ல முகம். உங்கள் இரண்டு பேரில் யாராவது ஒருவருக்கு எப்போதாவது ஒரு வருத்தம் வரும், வராமல் இருக்காது. அவளுக்கு வந்தால் டொக்டர் சொல்வதைக் கேள், மருந்தை நேரத்துக்குக் கொடு, எல்லாம் செய். ஆனால் அவளுக்காக நீ பதில் சொல்லப் பழகிவிடாதே. நான் ஒரு வருஷம் அப்படிப் பழகிப்போனேன். அவளிடம் கேள். இன்றைக்கு உனக்கு என்ன செய்ய விருப்பம் என்று கேள். அவள் சொல்லும் பதில் உனக்குப் பயமாக இருக்கும். பயத்தோடேயே பக்கத்தில் இரு. இதற்கு மேல் கலியாணத்துக்கென்று சொல்ல எனக்கு வேறு புத்திமதி தெரியாது.

நான் செய்தது சரி என்று நீ சொல்லவேண்டும் என்று இதை எழுதவில்லை. சரியோ பிழையோ எனக்கே தெரியாது. அந்த ஒரு நாள் உன்னிடமும் இருக்கவேண்டும். அவ்வளவுதான். வாசித்து முடித்ததும் போன் எடு, ராசா. என்ன கதைப்பதென்று யோசிக்காதே. கதை வராவிட்டால் பேசாமல் இரு. வைத்துவிடாதே. லைனில் நின்றாலே காணும், உன் மூச்சுச் சத்தம் எனக்குக் கேட்கும்.

அம்மா